அந்தமான் பாய்

சவுக்கத் அலி ஆள்காட்டி விரலைத் தேநீரில் முக்கி, டீக்கடை வாசலின் கடப்பைக்கல் பெஞ்சில் ஒரு தீவை வரைந்துகொண்டிருந்தார். நீளமாக ஒரு கோடு, அதன் வயிற்றில் ஒரு வளைவு, வளைவின் வாயில் ஒரு பொட்டு.

"இது போர்ட் பிளேர் ஹார்பர்னு வெச்சிக்கோ. வாயாண்ட பொட்டு கீது பாரு, அதான் ராஸ் தீவு. வெள்ளக்காரன் குந்திகினு ராஜ்ஜியம் பண்ண எடம். இப்போ அங்க மான்தான் ராஜா. மனுசனப் பாத்தா நவுராது. கையில கீறதப் புடுங்கித் துன்னும்."

பெரம்பூரிலிருந்து விசாரித்துக்கொண்டு வந்திருந்த புது மாப்பிள்ளை, தேநீர்த் தீவு காய்வதற்குள் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டான். பக்கத்தில் நின்ற புதுப்பெண்ணுக்கு ஒரே கவலைதான். "கப்பல்ல வாந்தி வருமா பாய்?"

"வரும். வந்தா இன்னா? வந்துட்டுப் போவட்டும். பொட்டுக்கடல வெச்சிக்கோ, எலுமிச்ச ஊறுகா வெச்சிக்கோ. மூணு நாளு அப்டி இப்டிப் போயிரும். நாலாவது நாளு காலைல தண்ணி கலர் மாறும். அப்ப எயுந்து வெளிய வந்துரு. அத்தப் பாக்காம தூங்குனவன் டிக்கெட்டு வேஸ்ட்டு."

இராயபுரம் கல்மண்டபத்தில் 'சவுக்கத் அலி வீடு எது?' என்று கேட்டால் நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். 'அந்தமான் பாய்' என்றால் சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்து அழைத்துப் போய் விட்டுவிடும். அந்தமானுக்குக் கப்பலேற நினைக்கிற எவரும் டிக்கெட் வாங்குவதற்கு முன்பு இந்தப் பெஞ்சுக்குத்தான் வருவார்கள். போர்ட் பிளேருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. பாய் அதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. "பேரு இன்னாவோ வெச்சிக்கட்டும், எடம் அங்கியேதான கீது" என்பார்.

முப்பத்துநாலு வருடம் ஹார்பரில் கப்பல் கட்டியவர் அவர். கட்டியவர் என்றால் ஆசாரி வேலை இல்லை. கரையை ஒட்டி வரும் கப்பலிலிருந்து வீசுகிற மெல்லிய கயிற்றைப் பிடித்து இழுத்தால், அதன் வாலில் தொடை கனத்துக்கு ஒரு பெருங்கயிறு வரும். அதன் நுனி வளையத்தைக் கரையில் நட்டிருக்கும் இரும்புக் கட்டையில் மாட்ட வேண்டும். கப்பல் கிளம்பும்போது எடுத்து விட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அதைத் தப்பாகச் செய்தால் கால் போகும், கை போகும், சமயத்தில் ஆளே போவார். பாய் பத்து விரலோடும் முழு முழங்காலோடும் பணி ஓய்வு பெற்றார் என்பதே அவர் தொழில் தெரிந்தவர் என்பதற்குச் சான்றிதழ்.

ஓய்வு பெற்றாலும் கயிறு அவரை விடவில்லை. விறைப்பாக இழுத்துக் கட்டிய எந்தக் கயிற்றுக்கும் நேரே நிற்க மாட்டார், மற்றவர்களையும் நிற்க விடமாட்டார். கல்யாணப் பந்தலுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் மூங்கிலில் போட்ட முடிச்சைப் பார்ப்பார். தலையில் அடித்துக்கொண்டு, அவிழ்த்துத் தானே போட்டுவிட்டுத்தான் பிரியாணிக்கு உட்காருவார். வீட்டு மாடியில் துணி காயப்போட அவர் கட்டிய கொடியை மூன்று புயலும் அசைக்கவில்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அவிழ்க்க முடியாமல் அரிவாள்மணையால் அறுத்தாள் மனைவி அஜீசுன்னிசா.

போன டிசம்பரில், பெரம்பூர் ஜோடியை வழியனுப்பிவிட்டு அவர் மிச்சத் தேநீரை உறிஞ்சும்போதுதான், மகள் ரிஃபானா திருவொற்றியூரில் வேலை பார்க்கும் கன்டெய்னர் கம்பெனியிலிருந்து நேரே பெஞ்சுக்கு வந்தாள். கைப்பையிலிருந்து காகிதங்களை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"பொங்கலுக்கு அப்பறம் அந்தமான் போறோம் அத்தா. நீ, அம்மா, நானு. எத்தினி பேர அனுப்பி வெச்ச? நீ ஒரு தபா பாத்த எடத்த எங்களுக்குக் காட்டு."

பாயின் வாயிலிருந்த தேநீர் அங்கேயே நின்றுவிட்டது. எதிர்வரிசை மளிகைக்கடையிலிருந்து ஞானதுரை அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். நாசரேத்திலிருந்து வந்து முப்பது வருடம் ஆகியும் பேச்சில் ஒரு அட்சரம் மாறாதவர். "ஏ பாய், எனக்கும் ஒரு டிக்கெட் போடச் சொல்லும். கடைய மவன் பாத்துக்கிடுவான். நீரு கூட வாரீருன்னா கைடு எதுக்கு? பயமே இல்ல!"

பாய் தலையாட்டினார். வேறு என்ன செய்வார்? அவர் அந்தமானைக் கண்ணால் பார்த்ததே கிடையாது.

நடந்தது இதுதான். 1996இல், கல்யாணமான ஏழாம் மாதம், பாய் நிஜமாகவே அந்தமானுக்கு டிக்கெட் எடுத்தார். அஜீசுன்னிசாவுக்கு அப்போது கப்பல் என்றாலே பயம். "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. நல்லாருந்தா அடுத்த தபா நானும் வரேன்" என்று பெட்டியில் நாலு சட்டை, ஒரு பாட்டில் ஊறுகாய் வைத்து அனுப்பினாள். பாய் கப்பலில் ஏறினார், படுக்கைக்கு அடியில் பெட்டியைத் தள்ளினார், மேல்தளத்துக்கு வந்து பெரிய மனிதர்போலக் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு கீழே பார்த்தார். கீழே அவருடைய கூட்டாளிகள் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

யாரோ புது ஆள். பக்கத்துக் கப்பலின் கயிற்றை அதே இரும்புக் கட்டையில் மாட்டும்போது, முதல் வளையத்துக்குள்ளே கீழிருந்து நுழைத்து மேலே போடாமல், சும்மா மேலோடு மாட்டிவிட்டிருந்தான். அப்படி மாட்டினால் அடியில் இருக்கிற கயிறு சிக்கிக்கொள்ளும், மேலே இருப்பதைக் கழற்றாமல் எடுக்க முடியாது. முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. பாய்க்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அடப் பாவிங்களா, கயித்த இப்டியாடா போடுவீங்க!" என்று கத்திக்கொண்டே ஏணிப்படியில் இறங்கினார். இறங்கி ஓடினார், கயிற்றைத் தளர்த்தச் சொன்னார், சிக்கை எடுத்தார். பிறகு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள்கூடத் தவறாமல் செய்ததை, பழக்கத்தில் அன்றைக்கும் செய்தார். கடைசிக் கயிற்றைத் தன் கையாலேயே எடுத்துக் கடலில் விட்டார்.

நிமிர்ந்து பார்த்தால் ஏணி மேலே போய்விட்டது. கப்பல் நகர்ந்துகொண்டிருந்தது. உள்ளே அவர் பெட்டி.

ஊர் முழுக்க மாலை போடாத குறையாக வழியனுப்பிய ஆள் எந்த மூஞ்சியோடு வீட்டுக்குத் திரும்புவார்? மீஞ்சூரில் மனைவியின் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் பதுங்கிக் கிடந்தார். கப்பல் திரும்பி வந்த அன்று ஹார்பருக்குப் போனார். கப்பலில் சமையல் பார்த்த தோஸ்து ஒருவன், பெட்டி தனியாகப் போய் வந்ததைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, அதில் இரண்டு கை சங்கும் சோழியும் போட்டுக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து நாலு பேர் முன்னிலையில் பெட்டியைத் திறந்ததும் சங்கு உருண்டது. "அடேங்கப்பா, அந்தமான் சங்கு!" என்றார்கள். பாய் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. ஊர் கேட்டுக்கொண்டே இருந்தது. பாயும் சளைக்காமல், ஒவ்வொரு தடவை அந்தமான் கப்பல் வந்து நிற்கும்போதும் இறங்குகிறவர்களிடம் விசாரிப்பார். சிறைச்சாலை எந்தப் பக்கம், டீ எங்கே நன்றாக இருக்கும், கடற்படை மியூசியத்தில் என்ன பார்க்கலாம், வைப்பர் தீவுக்குப் படகு உண்டா என்று ஒன்று விடமாட்டார். கேட்டதைக் கேட்டபடி பெஞ்சில் சொல்வார். ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னதில்லை என்பது அவருக்கு ஒரு பெருமை.

அஜீசுன்னிசாவுக்கு மட்டும் எல்லாம் தெரியும். அவள் அண்ணன் வீட்டுச் சோறல்லவா? ஊர் சிரித்தால் சிரிக்கட்டும் என்று பாயே இந்நேரம் உண்மையைச் சொல்லியிருப்பார். ரிஃபானா விஷயம்தான் இடித்தது. மூன்றாம் வகுப்பில் 'என் தந்தை' என்று எழுதச் சொன்னதற்கு, 'என் தந்தை அந்தமானுக்குக் கப்பலில் சென்றவர்' என்று முதல் வரி எழுதி, டீச்சர் அதை வகுப்புக்கே வாசித்துக் காட்டிய பிள்ளை அவள். ஹார்பரில் கயிறு இழுக்கிறவர் மகள் என்று யாரும் ஏளனமாகப் பார்த்துவிட முடியாமல் அந்த ஒரு வரி அவளைத் தலைநிமிர வைத்திருந்தது. அந்த வரியைத் தன் வாயாலேயே அடித்துப் போடுவது எப்படி என்றுதான் பாய்க்குப் பேஜாரு.

"சொல்லிடுங்க. புள்ள இன்னா கடிச்சா துன்னுடும்?" என்றாள் அஜீசுன்னிசா, துணி மடித்துக்கொண்டே.

"கடிச்சாகூட தாங்கிக்குவேன் அஜீசு. சிரிச்சாகூட தாங்கிக்குவேன். ஒண்ணும் சொல்லாம ஒரு பார்வ பாப்பா பாரு, அத்தத்தான் தாங்க முடியாது."

கப்பலேறிய அன்று ஒரு காட்சி. மேல்தளத்தில் நாலு பேரும் நின்றார்கள். கீழே கயிறு எடுக்கத் தொடங்கினார்கள். பாயின் கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்பியது. அஜீசுன்னிசா அவர் சட்டையின் பின்பக்க நுனியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். ஏணி மேலே வந்து, கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு தெரு அகலத்துக்குத் தண்ணீர் தெரிகிறவரை விடவில்லை. ரிஃபானா அதைப் பார்த்து, "இந்த வயசுலயும் லவ்வப் பாரு" என்று சிரித்தாள்.

அடுத்த இரண்டு நாள் பாய் எழுந்திருக்கவே இல்லை. ஆயிரம் கப்பலைக் கட்டியவரைக் கப்பல் புரட்டிப் போட்டு எடுத்தது. ஊறுகாய் பாட்டிலே கதி என்று கிடந்தார். அண்ணாச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துப் படுக்கையில் உட்கார்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டே, "போன தடவையும் இப்படித்தான் வந்துச்சா பாய்?" என்று கேட்டார். பாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நாலாம் நாள் காலையில் தண்ணீரின் நிறம் மாறியது. அஜீசுன்னிசா உலுக்கி எழுப்பி இழுத்துக்கொண்டு வந்தாள். கறுநீலம் பச்சையாகி, பச்சை பாசிமணி நிறமாகி, அதற்கு அப்பால் காடு போர்த்திய மலை. கடற்படைக் கப்பல்கள் சாம்பல் நிறத்தில் வரிசையாக நின்றன. மற்றவர்களுக்கு நூறு தடவை சொன்ன காட்சிதான். பாய் வாயைத் திறந்தவர் மூடவில்லை. "அத்தா, மொத தபா பாக்கற மேரி பாக்கற!" என்றாள் ரிஃபானா. அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

வம்பு ஊருக்குள் போனபிறகுதான் ஆரம்பித்தது. பாய் முன்னால் நடந்தார், மூன்று பேரும் பின்னால். சிறைச்சாலை வலக்கைப் பக்கம் வரும் என்றார். இடக்கைப் பக்கம் வந்தது. பஜார் முடிந்ததும் மணிக்கூண்டு என்றார். மணிக்கூண்டு முதலில் வந்தது, பிறகு பஜார். மேடு ஏறும் என்ற இடத்தில் இறங்கியது. அவர் கேட்டு வைத்த ஒவ்வொரு தகவலும் சரிதான். ஒரு சந்துகூடத் தப்பில்லை. ஆனால் அத்தனையும் ஊருக்குத் திரும்பி வந்து இறங்கியவர்கள் சொன்ன வழி. அவர்கள் சொன்னதெல்லாம் பஜாரிலிருந்து கிளம்பிக் கப்பலுக்கு வந்த கதை. இருபத்தொன்பது வருடமாகப் பாய் மனப்பாடம் செய்திருந்தது அந்தமானிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியைத்தான். போகிற வழியை யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"என்ன பாய், நீரு சொல்லுதது எல்லாமே இருக்கு, ஆனா எல்லாமே தலைகீழா இருக்கே?" என்று அண்ணாச்சி புருவத்தைத் தூக்கினார்.

"ஊர மாத்திட்டானுங்க அண்ணாச்சி" என்றார் பாய். சத்தம் உள்ளே போயிருந்தது. சிறைச்சாலையின் நீண்ட வராந்தாவில், அறை அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டு நடந்தபோது அவர் எல்லோருக்கும் பின்னால் வந்தார். ரிஃபானா இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் ராஸ் தீவு. படகில் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. படகுக்காரர் தமிழர், தாத்தா காலத்தில் இராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பம். "சரியா ஒன்றரை மணி நேரம். ஹாரன் அடிச்சா வந்துரணும், நிக்க மாட்டேன்" என்று சொல்லி இறக்கிவிட்டார். தீவில் இடிந்த மாளிகைகள். துரைமார் ஆட்டம் போட்ட கூடத்துக்குள் ஆலவேர் இறங்கி, சுவரைக் கவ்விப் பிடித்து நின்றது. கூரை இல்லாத தேவாலயம். அதன் வாசலில் நிஜமாகவே மான்கள், ஆட்டுக்குட்டி மாதிரி பயமில்லாமல்.

ரிஃபானா துள்ளினாள். "அத்தா, நீ அப்போ எங்க நின்ன? அதே எடத்துல நில்லு. போட்டோ எடுத்து ஆபீஸ்ல எல்லாருக்கும் அனுப்பணும். அன்னிக்கும் இன்னிக்கும்னு போடுவேன்."

டீக்கடை பெஞ்சில் அவரால் ஊரையே வரைய முடியும். இங்கே நிற்பதற்கு ஓர் அடி இடம் கிடைக்கவில்லை. தேவாலயத்தின் வாசலில் போய் நின்றார். பிறகு வேர்க் கூடத்துக்கு நகர்ந்தார். அங்கிருந்தும் நகர்ந்தார். ரிஃபானா கைப்பேசியை உயர்த்தியபடியே அவரோடு திரும்பிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் நின்றுவிட்டார்.

"நான் நின்ன எடம் இங்க இல்ல ரிஃபு."

"பின்ன?"

"மீஞ்சூருல. உங்க மாமன் வூட்டுப் பின்னாண்ட, மாட்டுக் கொட்டாயிக்குப் பக்கத்துல. பத்து நாளு அங்கதான் நின்னுகினு இருந்தேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். புது ஆள் போட்ட கயிறு, சிக்கு, ஏணி, பெட்டி, சங்கு. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அண்ணாச்சி வேறு பக்கம் பார்ப்பதுபோலக் காதை இங்கே வைத்துக்கொண்டு நின்றார். ரிஃபானாவின் கை மெல்ல இறங்கியது. அவர் பயந்த அந்தப் பார்வை வந்தது.

"ஸ்கூல்ல படிச்சுக் காட்டுனேனே அத்தா. எல்லாரும் கை தட்டுனாங்களே."

"தெரியும்மா."

"ஆபீஸ்ல போன வாரம்கூட சொன்னேன்."

அவள் திரும்பி, கடலைப் பார்த்துப் போட்டிருந்த ஒரு கல்லில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பாய் பாவமாக நின்றார். அழுதாலும் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அஜீசுன்னிசா போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒங்கத்தாதான் போவல. அந்தப் பொட்டி போயி நல்லா சுத்திப் பாத்துட்டு வந்துச்சு. நான் வெச்ச ஊறுகாய அந்தச் சமையக்காரன்தான் நக்கித் துன்னுருக்கான். காலி பாட்டிலுதான் வந்துச்சு" என்றாள். முப்பது வருடத்துக்குப் பிறகும் அந்த ஊறுகாய் மேல் அவளுக்கு இருந்த கோபம் உண்மையானது.

ரிஃபானாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பாய் ஓடி வந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்கப் பார்த்து முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "பொட்டி மட்டுமா? தனியா? ஊறுகா பாட்டிலோட?" அண்ணாச்சிக்கும் தாங்கவில்லை. "அதான் பாய் வழியெல்லாம் தலைகீழா வந்துச்சு!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு துரைமாளிகைப் படியில் சரிந்தார். மான்கள் கொஞ்சம் தள்ளிப் போயின.

சிரித்து முடித்து ரிஃபானா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி, போ. போய்ப் பாரு" என்றாள். கோபம் கொஞ்சம் மிச்சமிருந்தது. "எல்லாத்தையும் பாரு. இனிமே நீ பாத்ததத்தான் சொல்லணும்."

பாய் போனார். தோளிலிருந்து மூட்டை இறங்கிய ஆள்போல நடந்தார். வேரைத் தொட்டுப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். யாருக்கும் எதையும் விளக்காமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தீவின் அந்தக் கோடிக்குப் போகிற பாதையில் இறங்கி மறைந்தார். நேரம் போனது. படகிலிருந்து ஹாரன் அடித்தது. மற்றவர்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். அண்ணாச்சியும் அஜீசுன்னிசாவும் ஏறினார்கள். மறுபடி ஹாரன். மேட்டின்மேல் பாய் தெரிந்தார். ஒரு புள்ளிமான் அவர் உள்ளங்கையை முகர்ந்துகொண்டிருந்தது. அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒரு ஆளுக்காக நிக்க முடியாதும்மா" என்று படகுக்காரர் கயிற்றை எடுக்க இறங்கி வந்தார்.

ரிஃபானா படகில் ஏறவில்லை. படித்துறை ஓரத்தில் கயிற்று வளையம் மாட்டியிருந்த இரும்புக் கட்டைக்கு நேரே போனாள். வளையத்தைக் காலால் நன்றாக அடியில் அழுத்திவிட்டு, கட்டையின்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"எந்திரிம்மா, கயிறு எடுக்கணும்."

"எங்க அத்தா பாத்துகினு கீறாரு" என்றாள் ரிஃபானா. துப்பட்டாவை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால்மேல் போட்டுக்கொண்டாள்.